நூற்று மூன்றாம் கல்

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல்லுக்கு நடுவே, திருவிழாவுக்குக் கோயிலில் வரிசையாகப் போடுவார்களே, அந்த மாதிரி நாற்காலி. அதில் ஓர் அம்மா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை இல்லை. வெயிலும் இன்னும் ஏறவில்லை.

பெடாஸிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டம் வரவிருந்த நிலம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவை கோயிலும் இடுகாடும். கோயிலுக்கு வேறு இடம் ஒதுக்கியாகிவிட்டது. இடுகாட்டைத் தோண்டி, எடுத்ததை ரெம்பாவ் பக்கத்தில் ஒரு புதிய இடத்தில் வைக்க ஏற்பாடு. உரிமை கோருபவர்கள் அன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். திங்கள்கிழமை தோண்டத் தொடங்குவார்கள். யாரும் கேட்டு வராதவை எல்லாம் ஒரே குழிக்குப் போகும்.

செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சிரம்பானில் முப்பத்தொரு ஆண்டு நிருபராக இருந்தேன். நான் சரியாகச் செய்தவை பழைய பத்திரிகைக் கட்டுகளில் இருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். இங்கே எழுதுவது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி. ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது செய்தது. அனுபவம் கூடினால் தவறு குறையும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் அங்கே போனது இடுகாட்டுச் செய்திக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்துக்குப் பூஜ்ஜியத்தைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பழங்கால மக்கள் இன்மையை எப்படி எழுதினார்கள் என்பது விஷயம். மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். ஒரு படம்தான் பாக்கி.

கட்டுரையின் சாரம் இதுதான். பாபிலோனில் களிமண் பலகையில் எண் எழுதியவர்கள், ஓர் இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சும்மா விட்டார்கள். அது எண்ணின் பகுதியா, எழுதியவரின் கை விட்ட இடைவெளியா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். பல நூற்றாண்டு கழித்தே அங்கே இரண்டு சாய்ந்த ஆப்புக் குறிகளைப் போடத் தொடங்கினார்கள். மாயர்கள் சிப்பி வரைந்தார்கள். சீனர்கள் கணக்குப் பலகையில் குச்சி வைக்காமல் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். கிரேக்க வானியலாளர்கள் அட்டவணையில் சின்ன வட்டம் போட்டார்கள், ஆனால் அதை ஓர் எண்ணாக மதிக்கவில்லை. இந்தியாவில் முதலில் புள்ளி, பிறகு வட்டம், பிறகு அதைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள். கம்போடியாவில் மெக்கோங் கரையில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், ஆண்டைக் குறிக்கும் எண்ணின் நடுவில் அந்தப் புள்ளி இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்துக் கல் ஒன்று நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மலாக்கா நீரிணையைத் தாண்டினால் பாலெம்பாங், பழைய மலாய் மொழி. அதிலும் பூஜ்ஜியம் உண்டு.

பழைய தமிழ் எண்களில் அது இல்லை. பத்துக்கு ஒரு குறி, நூற்றுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. நூற்று மூன்றை எழுத, நூற்றுக்கான குறியையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்: ௱௩. நடுவில் காலி இடமே கிடையாது. அதனால் அதை நிரப்ப ஒன்றும் தேவைப்படவில்லை.

இந்தப் பத்திக்குத்தான் படம் வேண்டியிருந்தது. அந்தத் தோட்டத்தில் பெரியவர்களுக்குப் பெயர்ப்பலகை வைப்பார்களாம். பெயர் வைப்பதற்கு முன்பே இறந்த குழந்தைகளுக்கு ஓர் ஆற்றுக்கல், அதில் ஒரு தமிழ் எண். குழி வெட்டியவர் இந்தியாவிலிருந்து வந்த மனிதர். தனக்குத் தெரிந்த பழைய எண்ணில் ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கடைசி வரை தானே உளியால் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். கோயில் கமிட்டிச் செயலாளர் தினகரன் தொலைபேசியில் சொன்னது இது. நாற்பத்தொரு கற்கள் மட்டுமே புல்லுக்கடியில் மிஞ்சியிருந்தன.

நாற்காலியை நோக்கி நடந்தேன்.

“பேப்பர்க்காரம்மாவா?” என்றார் அந்த அம்மா, நான் கிட்டே போவதற்குள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கழுத்துல கேமராவ மாட்டிக்கிட்டு இந்தக் காட்டுக்குள்ள வேற யாரு வருவா? கொசுவுக்குப் புகை அடிக்கிறவன் வருவான். அவன் செருப்பு போட்டுக்கிட்டு வர மாட்டான்.”

என் காலைப் பார்த்தேன். செருப்புதான்.

அவர் பெயர் அஞ்சலை. அறுபத்தெட்டு வயது. சிரம்பானில் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் பிறந்து, மரத்தில் பால் வெட்டி, கல்யாணம் செய்து, பிறகு வெளியேறியவர். மூன்று வாரமாக, வாரம் இரண்டு முறை பஸ் ஏறி பெடாஸ் வந்து, அங்கிருந்து யாருடைய மோட்டாரிலாவது தொற்றிக்கொண்டு உள்ளே வருகிறார். அவர் காலடியில் ஒரு கல் இருந்தது. தேங்காய் அளவு. அதன்மேல் ஒரு சின்னப் பெட்டிப் பாலை முழுவதும் ஊற்றி முடித்திருந்தார்.

“மூத்தவ,” என்றார். “பதினோரு நாள் இருந்தா. முப்பதாம் நாள் பேரு வைக்கலாம்னு இருந்தோம். அப்பல்லாம் பொம்பளைங்க இங்க வரக்கூடாது. அவருதான் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனாரு. சாயங்காலம் வந்து, ‘நூத்தி மூணு’ன்னாரு. அவ்வளவுதான். அந்த மனுசன் சாகுற வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல.”

“நீங்க அப்புறம் வந்து பார்க்கவே இல்லையா?”

“வந்தேன். தோட்டத்த விட்டுப் போறப்போ ஒரு வாட்டி திருட்டுத்தனமா வந்தேன். ஒரே புல்லு. எந்தக் கல்லுன்னு யாருக்கும் தெரியல. நம்பர் மட்டும் எங்கிட்ட இருந்துச்சு. நாப்பத்தேழு வருசம்.” குடையை மடக்கினார். “என் கொழுந்தன் இருக்கானே, அவன் அந்த நம்பரக் கொண்டுபோய் நாலு நம்பர் லாட்டரிக் கடையில எடுத்தான், முன்னால ஒரு முட்டையப் போட்டு. தெரிஞ்ச அன்னைக்கு வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டுப் போனேன்.”

“அடிச்சுதா?”

“எது, நம்பரா, வெளக்குமாறா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“திங்கக்கிழமை புது எடத்துல வைக்கறப்போ பேரு வைக்கப்போறேன். முடிவு பண்ணிட்டேன். அவகிட்டதான் முதல்ல சொல்லணும், அதனால உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க பேப்பர்ல போடலன்னா எனக்கு எங்கம்மா தெரியும்? மருமக படிச்சா. ‘நூத்தி மூணு இருக்கு அத்தை’ன்னா. கையில இருந்த மங்குக் கிண்ணத்தப் போட்டு ஒடைச்சுட்டேன்.”

பத்திரிகையில் போட்டது நான்தான். மூன்று வாரத்துக்கு முன் தினகரன் அனுப்பிய பட்டியலை நானே தட்டச்சு செய்து, ஒரு கட்டம் கட்டி வெளியிட்டேன். நாற்பத்தொரு எண்கள்.

படம் எடுக்கக் குனிந்தேன். பால் வழிந்த ஈரத்தில் வெட்டு நன்றாகத் தெரிந்தது. இரண்டு குறிகள். இரண்டாவது மூன்று. முதலாவது நூறு இல்லை. கட்டைவிரலால் பாசியைத் துடைத்தேன். பாசி போயிற்று, குறி மாறவில்லை. ௰௩. பத்து, மூன்று. பதின்மூன்று.

“என்னம்மா, படம் சரியா வரலையா?”

“வெளிச்சம் பத்தலம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கறேன்.”

அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். நேரம் எட்டு முப்பத்தைந்து. கோயில் பக்கம் நடந்து போய்த் தினகரனைக் கூப்பிட்டேன்.

அவர் ஒன்பதே காலுக்கு வந்தார். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக மோட்டாரில். முப்பத்தாறு வயது. கமிட்டியில் மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், வேலைக்கு இவர்தான் வருவார். அத்தனை கல்லையும் தனியாளாகப் புல் வெட்டிக் கண்டுபிடித்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் தன் கைப்பேசியை நீட்டினார்.

“அக்கா, நான் சும்மா எழுதல. போன்ல தமிழ் எண் போட்டுப் பாத்துப் பாத்து எழுதினேன். இங்க பாருங்க. இது பத்து. இது மூணு. ஒண்ணு, சைபர், மூணு. நூத்தி மூணு.”

“இதுக்கு?” பட்டியலில் 9108 என்று இருந்த இடத்தைக் காட்டினேன்.

“அந்தக் கல்லுல ஒம்பது, பத்து, எட்டுன்னு இருக்கு. அப்படியே எழுதினேன்.”

“அது தொண்ணூத்தெட்டு, தினா. ஒன்பது பத்து, எட்டு.”

அவர் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார்.

“இந்தத் தோட்டத்துல ஒம்பதாயிரம் பிள்ளையா?” என்று கேட்டேன்.

“பெரிய நம்பரெல்லாம் நெலத்தோட லோட் நம்பர்னு நெனச்சேன் லா,” என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நில அளவைக்காரர்கள் ஏதோ வரிசை எண் போட்டிருக்கிறார்கள் என்று. தினகரன் எந்த நேரமும் பூஜ்ஜியத்தோடு வாழ்பவர். தொலைபேசி எண், அடையாள அட்டை எண், மோட்டார் எண் எல்லாம் அதோடுதான். இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண் வந்துவிடும் என்று அவர் கை பழகியிருந்தது. குழி வெட்டியவரின் கை அப்படிப் பழகவில்லை. இருவரும் அவரவர் முறையில் சரியாகவே எழுதினார்கள். நடுவில் இருந்த நான் இரண்டு முறையும் அறிந்தவள். ஒரு வாரமாகப் பூஜ்ஜியத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள். 9108 என்றும் 1003 என்றும் என் விரலால் அடித்தவள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கெமாஸ் பக்கம் ஒரு வெள்ளம். மாலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்பினேன். ‘உயிர்ச்சேதம் இல்லை’ என்று முடித்திருந்தேன். அப்போதிருந்த செய்தி ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: “எண்ணிப் பாத்தியா?” இல்லை, காவல் நிலையத்தில் எதுவும் சொல்லவில்லை என்றேன். “சொல்லலைன்னா தெரியலைன்னு எழுது. ஒண்ணும் இல்லைங்கறதும் தெரியாதுங்கறதும் ஒண்ணா?” அந்த வரியை வெட்டி, ‘இதுவரை தகவல் இல்லை’ என்று போட்டார். அன்றிலிருந்து வெள்ளத்திலும் விபத்திலும் நான் தவறியதில்லை. ஆபத்தான இடத்தில் கவனமாக இருப்பது சுலபம். ஒரு சின்ன இடுகாட்டின் பட்டியலை யார் சந்தேகிக்கப்போகிறார்கள்? கைக்கு எந்த எண் வந்தாலும் கேளுங்கள்: இது எதை எண்ணியது, எண்ணியவர் யார்? அந்த இரண்டு கேள்வியை மூன்று வாரத்துக்கு முன் தினகரனிடம் நான் கேட்டிருந்தால், ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பட்டியலில் 1003 என்று இருந்த கல்லைத் தேடிப் போனோம். நூறு, மூன்று. அதற்கு அதுவரை யாரும் உரிமை கோரவில்லை. ஆயிரத்து மூன்றைத் தேடி வருபவர் உலகத்தில் யாரும் இல்லையே. பொதுக்குழிக்குப் போகும் கணக்கில் அது சேர்ந்திருந்தது.

இடுகாட்டின் மறுகோடியில், கால்வாய் ஓரம், ஒரு செம்பனை அடித்தூருக்குப் பக்கத்தில் கிடந்தது. ௱௩. ஒரு கல்லை மட்டும் நம்பக் கூடாது என்று பக்கத்துக் கற்களையும் பார்த்தோம். ஒரு பக்கம் தொண்ணூற்றெட்டு. மறுபக்கம் நூற்றாறு. அஞ்சலை அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தில் பதினொன்றும் பதினாலும் இருந்தன. சந்தேகத்துக்கு இடமில்லை. குழி வெட்டியவர் வேலி ஓரத்தில் தொடங்கிக் கால்வாயை நோக்கி வந்திருக்கிறார். நேரம் பத்து இருபது.

தினகரன் சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“அவங்ககிட்ட சொல்ல வேணாம். பேப்பர்ல மத்தவங்களுக்குத் திருத்திப் போடுங்க. இவங்கள விட்டுடுங்க. மூணு வாரமா அந்தக் கல்லோட பேசிக்கிட்டு இருக்காங்க. நான் கேட்டிருக்கேன். மார்க்கெட்டுல மீன் என்ன வெலைன்னு கூடச் சொல்றாங்க. நாப்பது அம்பது வருசம் ஆச்சு. எந்தக் கல்லத் தூக்கினாலும் உள்ள ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் இல்லாததுல இது என்ன, அது என்ன?”

கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். அதில் கருணை இருந்தது. நான் அங்கேயே நின்று யோசித்தேன், ஒரு பத்து நிமிடம் இருக்கும். என் கட்டுரையை நானே மனத்தில் படித்துப் பார்த்தேன். பாபிலோன்காரர் விட்ட வெற்றிடத்துக்கு எங்கே மதிப்பு வந்தது? அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதால்தான். ஒன்றுமில்லாதது இங்கே இருந்தால் ஓர் எண், அங்கே இருந்தால் வேறோர் எண். அந்த அம்மா நாற்பத்தேழு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லை. எங்கே என்றுதான்.

“நூத்தி மூணுன்னுதான் அவங்களுக்குத் தெரியும், தினா. பேர்கூட இல்ல. அந்த நம்பரையும் நாம மாத்திட்டா, பிள்ளைக்கு வேற என்ன இருக்கு?”

அவர் என் கூட நடந்து வந்தார்.

இன்றும் எனக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. எட்டு முப்பத்தைந்துக்கே எனக்குத் தெரியும். உறுதி செய்துகொண்டு பத்து நாற்பதுக்குச் சொன்னேன். அந்த இரண்டு மணி நேரமும் அந்த அம்மா வேறொரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உறுதியாகத் தெரியாமல் சொல்லியிருக்கவும் முடியாது. உங்களுக்கு நல்ல வழி தெரிந்தால் அதைச் செய்யுங்கள்.

சொன்னேன். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன், பிறகு என்ன தவறு என்று. குச்சியால் மண்ணில் இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டினேன். தினகரன் தன் தவறு என்று குறுக்கே பேச வந்தார். அஞ்சலை அம்மா கையை நீட்டி நிறுத்தினார். மண்ணில் எழுதியதை வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ இது யாரு?”

“தெரியாதும்மா. ரொம்பப் பழைய கல்லு. நீங்க பொறக்கறதுக்கு முன்னால இருக்கலாம்.”

“மூணு வாரமா நான் யாரு புள்ளைக்குப் பால் ஊத்துனேன்?”

கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டேன்.

“என் மக அங்க பசியோட கெடந்தாளா?”

அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கத் தினகரன் குனிந்தபோது, “தொடாதே” என்றார். தானே தூக்கிக்கொண்டு, புல்லில் தடுக்கித் தடுக்கி, கால்வாய் வரை நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கல்லைக் காட்டினேன். நாற்காலியைக் கீழே வைத்தார். அதில் உட்காரவில்லை. மண்ணில் உட்கார்ந்தார். அந்த வெட்டில் விரலை வைத்து, முதலில் ஒரு குறி, பிறகு அடுத்த குறி என்று மெல்லத் தடவினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

“நூறு,” என்றார். “மூணு.”

நாங்கள் கோயிலுக்குப் போய்க் காத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக, படிவம் வாங்கும் தள அலுவலகத்தைப் பன்னிரண்டே காலுக்கு மூடுவார்கள். திறக்க மூன்று மணி ஆகும். அஞ்சலை அம்மா கோயிலுக்கு வந்தபோது பதினொன்று நாற்பது. கன்டெய்னர் பெட்டிக்குள் அலுவலகம். புவான் நோர் என்ற மலாய்ப் பெண் அதிகாரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மலாயில் விளக்கினேன். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அவருடைய படிவத்தின் பின்புறத்தில் ௰௩ என்றும் ௱௩ என்றும் எழுதி, பக்கத்தில் நாம் எழுதுகிற எண்களை எழுதினேன். கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இதில் பூஜ்ஜியமே கிடையாதா?”

“கிடையாது.”

“அப்படியானால் இந்தப் பட்டியல் முழுவதும் தவறு.”

“நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று தவறு.”

கமிட்டி கடிதம் கொடுத்தால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்றார். தினகரன் அங்கேயே, நின்றபடியே எழுதினார். இரவெல்லாம் வேலை பார்த்த கை. கையெழுத்து வரிக்கு வரி கீழே இறங்கிக்கொண்டு போயிற்று. பிறகு புவான் நோர் அஞ்சலை அம்மாவின் படிவத்தை எடுத்து, எண்ணை அடித்து, புதிய எண்ணை எழுதப் போனார்.

“அடிக்க வேணாம்னு சொல்லும்மா,” என்றார் அஞ்சலை அம்மா என்னிடம்.

“என்னம்மா?”

“அதுவும் இருக்கட்டும். இதையும் எழுதட்டும். ரெண்டு.”

சொன்னேன். புவான் நோர் இன்னொரு படிவத்தை எடுத்தார். எண் பதின்மூன்று. இறந்தவர் பெயர், கோடு. அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். “ஹுபுங்கான்?” உரிமை கோருபவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு?

நான் மொழிபெயர்த்தேன். அஞ்சலை அம்மா யோசித்தார்.

“மூணு வாரமா தெரியும்னு சொல்லு.”

சொன்னேன். புவான் நோர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுவரில் கடிகாரம் பன்னிரண்டு பதின்மூன்று காட்டியது. பிறகு அந்தக் கட்டத்தில் ‘கெனாலான்’ என்று எழுதினார். பழக்கமானவர். முத்திரை குத்தினார்.

மற்றவை உங்கள் தொழில் சம்பந்தப்பட்டவை. கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்துக்குப் பேசியபோது, உள்பக்கத்தில் நான்கு வரி வருத்தம் போடலாம் என்றார்கள். பட்டியல் எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தமும் வர வேண்டும் என்றேன். விளம்பரம் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் மாணவர் பக்கத்தில் பூஜ்ஜியக் கட்டுரையை எடுத்துவிட்டு, விளம்பரத்தை அங்கே போடுங்கள் என்றேன். அப்படித்தான் வந்தது. கட்டுரை மறுவாரம் வந்தது, படம் இல்லாமல். திருத்தத்தில் பழைய எண்ணையும் சரியான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தோம். தவறு யாருடையது என்ற வரியில் தினகரன் பெயர் இல்லை. பட்டியலை அச்சுக்கு அனுப்பியவள் நான். அந்த வாரத்தில் ஆறு குடும்பங்கள் வந்து எண்ணை மாற்றிக்கொண்டன. அதுவரை வராத இரண்டு குடும்பங்கள் புதிதாக வந்தன. அதில் ஒருவர் என் எதிரில் நின்று, பத்திரிகையைச் சுருட்டி மேசையில் அடித்து, “எண்ணத் தெரியாதவங்களுக்கு எதுக்கு பேப்பர்?” என்று கேட்டார். அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வாரம் தள்ளி, திங்கள்கிழமை காலை போனேன். வேலை நேரத்தில் போகவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தொழிலாளர்கள், மண்வெட்டி, பூசைக்கு ஒரு பண்டாரம். தினகரன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அஞ்சலை அம்மா புதுச்சேலை கட்டியிருந்தார். இரண்டு மண்கலயம், இரண்டு மஞ்சள் துணி, இரண்டு பெட்டிப் பால். மருமகளும் வந்திருந்தார். இரண்டு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும், இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாற்பதுக்குக் கால்வாய் ஓரத்துக் கல்லை நகர்த்தினார்கள். சிவப்பு மண். முழங்கால் ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தார்கள். அஞ்சலை அம்மா குழியின் விளிம்பில் மண்டியிட்டார். உள்ளே குனிந்து எதையோ சொன்னார். இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ. எங்கள் பக்கம் கேட்கவில்லை. தினகரன் என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்கவில்லை என்று தலையசைத்தேன். கலயத்தை நிரப்பி, துணியைக் கட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதினொன்று ஐந்துக்கு வேலி ஓரத்துக் கல்லை நகர்த்தினார்கள். அங்கே பால் ஊற்றிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. இந்த முறையும் குனிந்து பேசினார். கொஞ்சம் உரக்க. “வா, போலாம்,” என்றார்.

கலயங்களை வேனில் ஏற்றுவதற்கு முன், விதிப்படி, அலுவலகத்தின் ஆள் இரண்டையும் திறந்து பார்த்து, தாளில் எழுதிக்கொண்டார். இரண்டிலும் மண் மட்டுமே இருந்தது.